என் தம்பியின் வானொலியும் என் வாயும்

என் தம்பி ஃபிரிட்ஜ் மெக்கானிக். இருபத்தாறு வருடமாக அதே தொழில். எங்கள் வட்டாரத்தில் பாதிப் பேருடைய சமையலறை அவனுக்கு அத்துப்படி. யார் வீட்டில் மூன்று நாள் மிச்சம் கிடக்கிறது, எந்த வீட்டு மாப்பிள்ளை சாக்லேட்டைக் காய்கறிக்கு அடியில் ஒளித்துவைக்கிறார் என்பதெல்லாம் தெரியும். ஒருவரிடமும் மூச்சு விடமாட்டான். ரகசியம் காப்பதில் கெட்டிக்காரன் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அதில் பாதிதான் அவன் குணம். மீதிப் பாதி, அவனுக்குத் திக்குவாய்.

நான் அவனுக்கு நேர்மாறு. பேருந்து நிலையத்தில் விசாரணைக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள். கண்ணாடி ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஒருவர் வாயைத் திறந்து "இந்த..." என்றாலே போதும், "நாலாம் நம்பர், மூணே கால், அடுத்தவங்க" என்று அனுப்பிவிடுவேன். ஒரு நாளைக்கு அறுநூறு பேர். ஒவ்வொருவரும் கேள்வியை முடிக்கிறவரை காத்திருந்தால் வரிசை தெருவுக்குப் போய்விடும். என்னை வாயாடி என்பவர்கள் உண்டு. அவர்களுக்கும் சரியான பஸ்ஸைத்தான் காட்டியிருக்கிறேன்.

ஒரு வீட்டுக்கு வந்த பேச்சு மொத்தத்தையும் மூத்தவளே அள்ளிக்கொண்டாள், பின்னால் வந்தவனுக்கு மிச்சமில்லை என்று எங்கள் அம்மா சொல்வார். அள்ளியதைத் திருப்பிக் கொடுக்கும் உத்தேசத்தில்தானோ என்னவோ, அவனுக்கு ஐந்து வயதிலிருந்து அவனுடைய வாக்கியங்களை நானே முடித்துவைத்தேன். அவன் உதட்டை மூடிக்கொண்டு நிற்பான், நான் "பசிக்குதா? இரு, தர்றேன்" என்பேன். பள்ளியில் வாத்தியார் கேட்டால் என் வகுப்பிலிருந்து ஓடிவந்து பதில் சொன்ன கதையும் உண்டு. உபகாரம் என்றுதான் நினைத்தேன், சத்தியமாக.

அவனுக்கு எல்லா எழுத்தும் தகராறு செய்யாது. ப, க, ம மூன்றும்தான் பரம வைரிகள். அதிலும் 'ப' வந்தால் உதடு ஒட்டிக்கொள்ளும், சத்தமே வராது, கழுத்து நரம்பு மட்டும் புடைக்கும். அதனால் இந்த எழுத்துகளைச் சுற்றிக்கொண்டு போவதற்கு வழிகள் வைத்திருந்தான். "கம்ப்ரசர் பழுது" என்று சொல்ல வேண்டிய இடத்தில், "உள்ள ஒண்ணு ஓடிட்டே இருந்துச்சு, இனிமே ஓடாதுங்க" என்பான். கேட்பவர்கள் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு தலையாட்டுவார்கள். சிலர் புது ஃபிரிட்ஜே வாங்கிவிடுவார்கள்.

இப்படிப்பட்டவன் வாரம் ஒரு மணி நேரம் வானொலியில் பேசுகிறான் என்றால் யார் நம்புவார்கள்? நானே நம்பவில்லை.

எல்லாம் ஒரு ஓட்டலில் ஆரம்பித்தது. அங்கே குளிர் அறையைச் சரிசெய்யப் போனவன், குப்பைக்குப் போகவிருந்த ஒரு பெட்டி இசைத்தட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். எங்கோ கடல் தாண்டிய தேசத்தில், பருத்திக் காட்டிலும் ரயில் பாதையிலும் வேலை செய்தவர்கள் பாடிய பாட்டுகள். ப்ளூஸ் என்று பெயராம். அதற்கு முன்னோடியான களத்துப் பாட்டு, சிறைப் பாட்டு, வேலைப் பாட்டு எல்லாம் அந்தப் பெட்டியில் கலந்து கிடந்தன. உடைந்த ரெக்கார்டு பிளேயர் ஒன்றையும் தேடிப்பிடித்துத் தானே சரிசெய்துகொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போனபோது உள்ளே ஓர் ஆள் முனகிக்கொண்டிருந்தான். "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று பதறிக்கொண்டு ஓடினேன். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு, அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு தடங்கலும் இல்லாமல் பேசினான். பின்னால் இசை ஓடினால் அவனுக்குத் திக்காது என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

"கேளுக்கா. ஒரு வரி பாடுறான். நிறுத்துறான். கிட்டார் பதில் சொல்லுது. மறுபடியும் அதே வரியப் பாடுறான். அப்புறம்தான் மூணாவது வரிக்குப் போறான். அவசரமே படல பாரு. அவன யாரும் 'சரி சரி, மேல சொல்லு'ன்னு விரட்டவும் இல்ல."

"சரி சரி, சாப்பாடு எடுத்து வைக்கச் சொல்லு" என்றேன் நான். அவன் சொன்னது என் மண்டையில் ஏறவில்லை.

எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி, சலவைக் கடைக்கு மேலே, 'பக்கத்து வீட்டு வானொலி' என்று ஒரு சமுதாய வானொலி நிலையம் இருக்கிறது. இரண்டே அறை. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருக்கும். கீழே சலவை இயந்திரம் சுழலும்போது மேலே தரை அதிரும் என்பதால் ரெக்கார்டு பிளேயரை மடித்த போர்வைமேல் வைத்திருப்பார்கள். நடத்துபவர்கள் எல்லோரும் அக்கம்பக்கத்துக்காரர்கள்தான், சம்பளம் கிடையாது. நிலையத்தின் தலைவி, நீச்சல் பயிற்சியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்றும் கழுத்தில் விசில் தொங்கும். முப்பது வருடம் குளத்துக்கு அந்தக் கரையிலிருந்தவர்களோடு பேசிய பழக்கத்தில், பக்கத்தில் இருப்பவரிடமும் அதே சத்தத்தில்தான் பேசுவார்.

"வேறெங்கும் கேட்காத இசை உங்களிடம் இருக்கிறதா?" என்று அவர்கள் ஒட்டிய நோட்டீசைப் பார்த்துத் தம்பி விண்ணப்பம் போட்டுவிட்டான். எழுத்தில் அவன் புலி. நேர்முகத்துக்குக் கூப்பிட்டபோது, மூன்று இசைத்தட்டுகளைக் கொண்டுபோய் வாயே திறக்காமல் போட்டுக்காட்டிவிட்டு, எழுந்து கும்பிட்டுவிட்டு வந்திருக்கிறான். பெரிய ஞானி போலிருக்கிறது என்று நினைத்து சனிக்கிழமை பிற்பகல் மூன்றிலிருந்து நான்கு வரை கொடுத்துவிட்டார்கள். முதல் நான்கு வாரம் பரீட்சார்த்தம். நிகழ்ச்சியின் பெயர், 'மூன்று வரிப் பாட்டு'.

ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மேசையில் குமிழ்களைத் தள்ள இரண்டாவது ஆள் வேண்டும், அந்த ஆளை நிகழ்ச்சி நடத்துபவரே அழைத்துவர வேண்டும் என்பது அவர்கள் விதி. தம்பி மனைவி பேக்கரியில் வேலை செய்கிறாள், அவளுக்குச் சனிக்கிழமை மூச்சுவிட நேரமிருக்காது. அதனால் நான் போனேன். பாசத்தால் போனேன் என்று சொன்னால் பொய். இவன் எப்படிப் பேசப்போகிறான் என்ற பயத்தில் போனேன்.

அங்கே இன்னொருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அலமாரியில் ஒரு கறுப்புப் பெட்டி. நிலையத்தில் எல்லோரும் அதை 'மாமியார்' என்பார்கள். ஒலிபரப்பில் பன்னிரண்டு விநாடி சத்தமே இல்லாமல் போனால், நாம் செத்துவிட்டோம் என்று முடிவுகட்டித் தானே பேச ஆரம்பித்துவிடும். சத்தம் நின்ற கணத்தில் சிவப்பு எண்கள் பன்னிரண்டு, பதினொன்று, பத்து என்று இறங்கும். பூஜ்யம் வந்ததும், 'குடிநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்யும் முறை' என்று ஒரு பதிவு ஓடும். எட்டு நிமிடம். அப்படி ஓடுகிற ஒவ்வொரு தடவையும் உரிமம் தருகிற அலுவலகத்தில் கரும்புள்ளியாகப் பதிவாகும். அதனால், பரீட்சார்த்த காலத்தில் மாமியார் இரண்டு தடவை வாய் திறந்தால் அந்த நேரம் வேறு ஆளுக்குப் போய்விடும். வேறு ஆள் தயாராகவே இருந்தார். தோட்டக்கலை நிபுணர் ஒருவர், உரங்களைப் பற்றி ஐம்பத்திரண்டு வாரத்துக்கு எழுதி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

பாட்டைப் பற்றிப் பேசும்போது தம்பி பின்னால் இசையை மெல்ல ஓடவிடலாம், தடையில்லை. ஆனால் மணியடித்ததும் ஒரு தடவை, அரை மணிக்கு ஒரு தடவை, நிலையத்தின் பெயரை அறிவிக்க வேண்டும். "இது பக்கத்து வீட்டு வானொலி. நமக்காக நாமே நடத்துவது." இவ்வளவுதான். பதிவுசெய்த குரல் கூடாது, பின்னால் இசை கூடாது, சொல்லை மாற்றக் கூடாது. தம்பியின் பரம வைரி முதல் வரியிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தது. அதைச் சுற்றிப்போக வழியே இல்லை.

முதல் வாரம், சரியாக மூன்று மணிக்கு, "இது..." என்றான். உதடு ஒட்டிக்கொண்டது. எண்கள் இறங்கின. நான் என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்க, "முதலில் தொட்டியிலுள்ள நீர் முழுவதையும் வெளியேற்றவும்" என்று மாமியார் ஆரம்பித்துவிட்டார். எங்கள் வட்டாரத்தில் அன்று ப்ளூஸ் கேட்க உட்கார்ந்தவர்கள் அத்தனை பேரும் பாசியை எப்படித் தேய்ப்பது என்று கற்றுக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் தம்பி ஒரு பழைய கிட்டாரோடு வந்தான். வாசிக்கத் தெரியாது. ஆனால் விரலில் நட்டு கழற்றும் பாக்ஸ் ஸ்பேனர் குழாய் ஒன்றை மாட்டிக்கொண்டு கம்பிமேல் இழுத்தால் 'ஞொய்ங்' என்று ஓர் அழுகை வரும், அது மட்டும் தெரியும். சொல் மாட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரு இழுப்பு இழுத்தான். "இது... ஞொய்ங்... ஞொய்ங்... பக்கத்து வீட்டு வானொலி!" சத்தம் கேட்டதால் மாமியார் கம்மென்று இருந்தார். எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. முடிதிருத்தும் கடைக்காரர் ஒருவர் போன் பண்ணி, "அந்த அழுகைச் சத்தம் பிரமாதம் சார், அடுத்த வாரமும் உண்டுல்ல?" என்று கேட்டார். தம்பி அன்று படியில் இறங்கும்போது விசிலடித்துக்கொண்டே வந்தான்.

சந்தோஷம் மூன்று நாள் நீடித்தது. தலைவி கூப்பிட்டனுப்பினார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு. எனக்கே கண்ணுல தண்ணி வந்துச்சு. ஆனா அறிவிப்புல இசை கூடாது. கிட்டாரும் இசைதான். விதின்னா விதி" என்றார், இரண்டு தெருவுக்குக் கேட்கும்படி. அவரைக் குறை சொல்ல முடியாது. அந்த நிலையத்தை உரிம அலுவலகத்தின் கண்ணிலிருந்து காப்பாற்றிவருவதே அவருடைய கறார்தான்.

மூன்றாவது வாரம் கிட்டார் இல்லாமல் உட்கார்ந்தான். மணியடித்ததும் சொன்னதில் கொஞ்சம் இடறினாலும் தப்பித்தான். ஓர் அம்மா துணி துவைத்துக்கொண்டே பாடும் பாட்டைப் போட்டான். ஆள் இல்லாமல் ஓடும் ரயிலைப் பற்றி ஒன்று. நடுவே அவன் பேசியதை நான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டேன். இவனுக்கு இவ்வளவு விஷயம் தெரியுமா, இவ்வளவு நகைச்சுவையும் இருக்கிறதா என்று ஆச்சரியமாக இருந்தது. பிறகு அரை மணி வந்தது. பாட்டு முடிந்தது.

"இது..."

ஒட்டிக்கொண்டது. எட்டு, ஏழு, ஆறு. தம்பி கண்ணை இறுக மூடிக்கொண்டான். ஐந்து, நான்கு. என் முன்னாலும் ஒரு மைக் இருந்தது, நேயர் கடிதம் வாசிப்பதற்காக. எண் மூன்றுக்கு வந்ததும் நான் குனிந்து, கவுண்டரில் சொல்கிற அதே குரலில், "பக்கத்து வீட்டு வானொலி! நமக்காக நாமே நடத்துவது!" என்று சொல்லி முடித்துவிட்டேன். 'அடுத்தவங்க' என்று சேர்த்துச் சொல்லாததுதான் பாக்கி.

மாமியார் அடங்கினார். நேரம் தப்பித்தது. பெருமையோடு தம்பியைப் பார்த்தேன். அவன் என்னைப் பார்க்கவே இல்லை. அடுத்த பாட்டைப் போட்டான். அதற்கடுத்ததையும் போட்டான். நான்கு மணி வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

கீழே இறங்கும் படியில், சோப்புத்தூள் வாசனைக்கு நடுவில், நின்று திரும்பினான்.

"அது என்னோட வார்த்தக்கா."

"டேய், இன்னும் ரெண்டு விநாடி விட்டிருந்தா அந்தத் தொட்டிக்காரன் வந்திருப்பான்!"

"வரட்டும். நான் தோத்தா நான் தோத்துட்டுப்... ப்..." நரம்பு புடைத்தது.

"போறேன்" என்றேன் நான்.

வாயை விட்டு வந்தபிறகுதான் உறைத்தது. அவன் இறங்கிப் போய்விட்டான். அந்தப் படியில் நின்றபோது எனக்கு வந்த வெட்கம் என் ஐம்பத்துநான்கு வயதில் முன்னே பின்னே வந்ததில்லை.

நான்கு நாள் என்னோடு பேசவில்லை. பேசாதவன் பேசவில்லை என்று யாரிடம் போய்ப் புகார் செய்வது? ஐந்தாம் நாள் ஒரு ஃபிளாஸ்க் நிறைய டீ போட்டு எடுத்துக்கொண்டு சமாதானத்துக்கு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் யாருடைய ஃபிரிட்ஜையோ கவிழ்த்துப் போட்டு வேலை செய்துகொண்டிருந்தான்.

"டீ வேண்டாம்" என்றான்.

"உனக்குப் பிடிக்குமேன்னு..."

"டீ எனக்கு என்னைக்குமே வேண்டாம். எனக்கு வேண்டியது க்... க்..."

நான் நாக்கைக் கடித்துக்கொண்டேன். நிஜமாகவே கடித்தேன், வலித்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் வந்தது.

"காபி."

"அப்ப இத்தன வருஷமா?"

"டீன்னா வாயில வரும். அது வராது. நீயும் எல்லா வீட்டுலயும் அவசரப்பட்டு 'தம்பிக்கு டீ'ன்னு சொல்லிடுவ."

நான் வாசற்படியில் நின்றிருந்த அவன் மனைவியைப் பார்த்தேன். "உனக்குத் தெரியுமா இது?"

"கல்யாணமான மறுநாளே தெரியுமே அண்ணி. என்ன வேணும்னு கேட்டேன். கொஞ்ச நேரம் ஆச்சு. சொன்னார்."

அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் எங்கோ குத்தியது. நாற்பத்திரண்டு வருடம் நான் முடித்துக்கொடுத்த வாக்கியங்களில் எத்தனை இப்படித் தப்பாகப் போயிருக்கும் என்று கணக்குப் போட ஆரம்பித்து, பயந்து பாதியில் விட்டுவிட்டேன். ஃபிளாஸ்க்கில் இருந்த டீயை நானே குடித்தேன்.

மறுநாள் கவுண்டரில் ஒரு முடிவோடு உட்கார்ந்தேன். இன்றைக்கு யாருடைய கேள்வியையும் பாதியில் வெட்டுவதில்லை. முதல் பத்து நிமிடத்திலேயே வரிசை தண்ணீர்க் குழாய் வரை போய்விட்டது. பெட்டியோடு ஓர் அம்மா வந்து, "மூணு மணி பஸ்..." என்று ஆரம்பித்தார். ஆறாம் நம்பர் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். அவர் மெல்ல முடித்தார்: "...ல என் வீட்டுக்காரர் வந்து இறங்குவாரு. அவர் கண்ணுல படாம நான் வெளிய போக வேற வழி இருக்கா?" இருந்தது, காட்டினேன். இருபது வருடமாக இப்படி எத்தனை பேரை ஆறாம் நம்பருக்கு அனுப்பி அவரவர் வீட்டுக்காரரிடம் மாட்டிவிட்டேனோ தெரியவில்லை.

நான்காவது சனிக்கிழமை வந்தது. கடைசி வாரம். தம்பி வேறு யாரையாவது மேசைக்குக் கூட்டிப்போவான் என்று நினைத்தேன். இரண்டரைக்கு வாசலில் அவன் வண்டிச் சத்தம் கேட்டது. வா என்று சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. ஏறிக்கொண்டேன். நிலையத்தில் உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் மைக்கின் குமிழைக் கீழே தள்ளி, வயரையும் பிடுங்கி அவன் முன்னால் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான்.

மூன்று மணி அறிவிப்பு ஒரே மூச்சில் வந்துவிட்டது. அவனே திகைத்துப் போனான். உற்சாகத்தில் அன்று அவன் பேசிய பேச்சு இருக்கிறதே! தன் கோவேறு கழுதையோடு சண்டை போட்டுவிட்டு அதனிடமே மன்னிப்புக் கேட்கும் ஒரு கிழவனின் பாட்டைப் போட்டான். "இந்தக் கழுத யாருன்னு நெனைக்கிறீங்க? அவரோட சம்சாரம்தான். நேரா சொல்ல தைரியம் இல்ல" என்றான். கண்ணாடிக்கு வெளியே தலைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது தெரிந்தது. தோட்டக்கலை நிபுணரும் அங்கே கோப்போடு உட்கார்ந்திருந்தார், அவரும் சிரித்தார்.

அரை மணி. பாட்டு முடிந்து ஊசி மேலே எழுந்தது.

"இது..."

பன்னிரண்டு.

உதடு ஒட்டிக்கொண்டது. பதினொன்று, பத்து. எப்போதும் கண்ணை மூடிக்கொள்கிறவன், அன்று மூடவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பது. சொல்லாதே என்கிறானா, உதவு என்கிறானா எனக்குப் புரியவில்லை. எட்டு, ஏழு. நான் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். ஆறு. அந்தச் சொல் என் வாய்க்குள் முழுதாக, தயாராக இருந்தது. ஐந்து. அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. இவனுக்கு வேண்டியது சொல் இல்லை. சொல் இவனிடம் இருக்கிறது. இவனுக்கு வேண்டியது நேரம்.

நான்கு, மூன்று. எழுந்தேன். மாமியாருக்குக் கீழே, 'தலைவி தவிர யாரும் தொடக் கூடாது' என்று எழுதி ஒட்டியிருந்த சாவியைப் பிடித்துத் திருப்பினேன். சிவப்பு எண் இரண்டில் நின்று, அணைந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். எங்கள் வட்டாரம் முழுக்க மௌனம் ஒலிபரப்பாகிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்கு வெளியே தலைவி எழுந்து நின்றுவிட்டார், விசில் வாய்க்குப் போய்விட்டது. நான் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினேன். அவர் ஊதவில்லை. தம்பியின் தோள் மெல்ல இறங்கியது. துரத்துகிறவர் யாரும் இல்லை என்று உடம்புக்குத் தெரிந்துவிட்டது போலும். கழுத்து நரம்பு தணிந்தது. நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இவ்வளவு நேரம் அந்த முகத்தை நான் பார்த்ததே கிடையாது, எப்போதும் அதற்குள் பேசிவிடுவேன்.

"...பக்கத்து வீட்டு வானொலி" என்றான், மிகவும் நிதானமாக. "நமக்காக நாமே நடத்துவது." பிறகு, "காத்திருந்ததுக்கு நன்றி" என்று அவனாகச் சேர்த்துக்கொண்டு, அடுத்த பாட்டைப் போட்டான்.

நான் சாவியைத் திருப்பி மாமியாரை எழுப்பிவிட்டேன்.

நான்கு மணிக்கு வெளி அறையில் பஞ்சாயத்து. தலைவி பதிவு நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நாப்பத்தோரு விநாடி! இந்த நிலையம் ஆரம்பிச்ச நாள்லேருந்து இப்படி ஒரு மௌனம் போனதில்ல. அந்தப் பொட்டிய அணைக்க உங்களுக்கு யாரு அதிகாரம் குடுத்தது?"

அந்த நேரத்தில் போன் அடித்தது. தலைவி எடுத்தார். முடிதிருத்தும் கடைக்காரர். அவரும் சத்தமாகப் பேசுகிறவர்தான், எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மேடம், ரேடியோ நின்னுடுச்சோன்னு நெனச்சோம். ஆனா அவரு மூச்சு விடுற சத்தம் கேட்டுச்சு. சரி, சொல்லுவாருன்னு கத்திரியக் கீழ வெச்சுட்டேன். நாற்காலியில இருந்தவரும் அசையல. அவரு சொன்னதும் கடையே கைதட்டுச்சு. சும்மா சொல்லணும்னு தோணுச்சு."

தலைவி போனை வைத்தார். கொஞ்ச நேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். தோட்டக்கலை நிபுணர் தொண்டையைக் கனைத்து, "எனக்கு ஞாயித்துக்கிழமை காலைலகூடச் சரிதான்" என்றார். நல்ல மனுஷர்.

"தொட்டிப் பதிவு ஓடல. அதனால விதிப்படி ஒரு தடவதான் கணக்கு" என்றார் தலைவி. நோட்டில் 'நாற்பத்தோரு விநாடி இடைவெளி, நிகழ்ச்சியின் பகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "நேரம் உங்களுக்குத்தான். அறிவிப்புக்கு மட்டும் அந்தப் பொட்டிய ஒரு நிமிஷத்துக்கு மாத்தி வெக்கச் சொல்றேன். ஆனா ஒண்ணு. சொல்லாம சாவியத் தொட்டவங்க மேசையில இருக்கலாமா வேண்டாமான்னு நீங்கதான் முடிவு பண்ணணும். உங்க மேசை, உங்க ஆளு. அடுத்த வாரத்துலேருந்து யாரு?"

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் ஒரு தடவை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தலைவியிடம் சொல்ல ஆரம்பித்தான்.

"அக்கா..."

அங்கேயே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு எழும்பியது. தலைவி, எத்தனையோ பிள்ளைகளைக் குளத்தில் தள்ளிப் பழக்கிய அவசரத்தில், "அக்கா வேண்டாமா?" என்று வாயெடுத்தார்.

"இருங்க" என்றேன். "அவன் சொல்லட்டும்."

காத்திருந்தோம். கீழே சலவை இயந்திரம் ஒரு சுற்று முடித்து நின்றது. எனக்குத் தெரியாதா, அவன் என்ன சொல்லப்போகிறான் என்று? தலைவி கேட்டதேதான். அவனுடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்வேன். படியில் அவன் நின்ற நிலை, பேசாமலிருந்த நான்கு நாள், நான் போட்டுக் கொண்டுபோன டீ, எல்லாம் கண்முன் வந்து நின்றன. அந்த வாக்கியத்தை நானே முடித்துவைத்துவிட்டு, 'பரவாயில்லடா, நான் வீட்டிலிருந்தே கேட்டுக்கறேன்' என்று சொல்லிவிடலாமா, அவனுக்குச் சங்கடம் மிச்சமாகுமே என்றுகூடத் தோன்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"...கூடவே இருக்கட்டும்" என்றான் என் தம்பி.

நான் முடித்திருந்தால் அதையும் தப்பாகத்தான் முடித்திருப்பேன்.